மணலில் பழகி, கட்டாந்தரையில் ஆடிய ஆட்டம்

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் செல்போனில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் எதிராளியின் கோல் பக்கத்திலேயே போய் நின்று, அவர்களைப் பந்தை வெளியே எடுக்க விடாமல் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "இதுக்குப் பேரு ஹை பிரஸ்ப்பா, இப்ப உள்ள கோச்சுங்க கண்டுபிடிச்சது" என்றான் சின்னவன். "இதை நாங்க வெண்ணாத்துல ஆடியிருக்கோம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தீர்கள். "ஆமாமா, நீங்கதான் அவங்களுக்கே கத்துக் கொடுத்தீங்க" என்றாள் பெரியவள்.

சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள், ஆட்டத்தைத் திருத்த வேண்டாம்.

நம் ஊர் நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஏன் ஆற்றுக்குள் போய்ப் பந்து விளையாடினோம் என்பது தெரியாது. சம்பா அறுத்த வயல் சும்மா கிடக்கும் என்று நினைக்காதீர்கள். கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடிந்த சில நாளில் தாளுக்கு நடுவே பச்சை எட்டிப் பார்க்கும். அதில் கால் வைத்தால் யாரும் சும்மா விட மாட்டார்கள். கோயில் திடல் ஒன்று இருந்தது. அது எங்கள் தெருக்காரர்கள் விளையாடுகிற இடம் இல்லை என்பதை யாரும் சொல்லாமலே நாங்கள் தெரிந்துவைத்திருந்தோம். மிச்சம் ஆறுதான். தை கடைசியில் மேட்டூர் அணையை மூடினால் மாசி பாதியில் வெண்ணாறு வெறும் மணல். ஆனியில் தண்ணீர் வரும் வரை நாலு மாதம் அது மிராசுதாருக்கும் இல்லை, எங்கள் விவசாயக் கூலிகள் சங்கத்துக்கும் இல்லை. பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் ஏறாத இடம்.

மணலில் பந்து உருளாது. எவ்வளவு ஓங்கி உதைத்தாலும் விழுந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடும். வெறுங்காலில் அந்த மணலில் இந்தக் கோலிலிருந்து அந்தக் கோலுக்கு நாலு தடவை ஓடினால் தொடை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவர்கள் நாங்கள். அந்த மாதங்களில் வாய்க்கால் தூர் எடுக்கிற வேலைதான் எல்லோருக்கும். சாயங்காலம் ஆற்றில் இறங்கினால் ஓட ஆசை இருக்கும், திரும்பி ஓட ஆசை இருக்காது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். பந்தை எதிராளி கோல் பக்கத்தில் பறிகொடுத்தால் அங்கேயே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிவிட்டால் திரும்பி ஓட வேண்டியதில்லை. உங்கள் கோச்சுகள் என்ன காரணத்துக்காகக் கண்டுபிடித்தார்களோ, எங்கள் ஹை பிரஸ் பிறந்தது சோம்பேறித்தனத்தில்தான்.

எப்படிப் பிடுங்குவது? முதலில் எல்லோரும் பந்து இருக்கிற இடத்துக்கு ஓடினோம். அது ஈ மொய்க்கிற ஆட்டம். எதிராளி ஒருவன் நடுவில் மாட்டிக்கொண்டு பந்தை ஒரு தட்டு தட்டினால் போதும், அத்தனை பேரும் ஏமாந்து நிற்போம். பிறகுதான் எனக்கு மடை ஞாபகம் வந்தது. ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்றால் தண்ணீரைத் துரத்திப் பிடிப்போமா? மற்ற மடைகளை எல்லாம் சேறும் வைக்கோலும் வைத்து அடைப்போம். ஒன்றை மட்டும் திறந்து வைப்போம். தண்ணீர் தானாக அதில் வரும். பந்தும் அப்படித்தான்.

கோலைக் காக்கிற கோலி போக, பின்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் நாலு பேர் என்று நின்றோம். எதிராளி பேக் ஒருவன் தன் கோலைப் பார்த்து முகம் திரும்பிய நிலையில் பந்து வாங்கினால் அதுதான் நேரம். அவன் முதுகுக்குக் கண் இல்லை. நான் பின்னாலிருந்து "அடை!" என்று கத்துவேன். எங்கள் செண்டர் ஃபார்வர்டு நேராக ஓட மாட்டான். அரிவாள் வளைவு மாதிரி வளைந்து ஓடுவான். அதிலேயே ஒரு பக்கத்து மடை அடைபட்டுவிடும். ஓரத்தில் நிற்பவன் இன்னொன்றை அடைப்பான். நடுவில் உள்ள மூன்று பேரும் மேலே ஏறி வந்து, திறந்திருக்கிற ஒரே மடையின் வாயில் நிற்பார்கள். பின்னால் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் பாதிக் கோடு வரை ஏறி வர வேண்டும். நாங்கள் ஏறாவிட்டால் நடுவில் மாட்டு வண்டி திரும்புகிற அளவு இடம் கிடக்கும்.

மூச்சு போகிற வரை துரத்தவும் கூடாது. ஆறு எண்ணுவதற்குள் பந்து கிடைக்காவிட்டால் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். நெல் அளக்கிறபோது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள், லாபம் என்றுதான் முதல் மரக்காலைப் போடுவார்கள். நாங்களும் அப்படியே எண்ணினோம். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

இனி கோலி விஷயம். எங்கள் பழைய கோலி அந்த வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் உரிக்கப் போய்விட்டான். அந்த இடத்துக்கு யாரும் சரிப்படவில்லை. ஒரு நாள் மணலில் ஆடிக்கொண்டிருந்தபோது பந்து கரைமேல் போனது. அங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒருத்தன் ஒற்றைக் கையால் அதைத் தாவிப் பிடித்தான். மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரரின் மகன். மன்னார்குடியில் காலேஜ் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவன். என் வயதுதான். காலேஜ் டீமுக்குக் கோலில் நின்றவன் என்று பிறகு தெரிந்தது. "நானும் வரட்டுமா?" என்று கேட்டான். நான் "வாங்க" என்றேன்.

ஊருக்குள் அவனை வாங்க போங்க என்றுதான் கூப்பிட வேண்டும். மணலில் இறங்கிய மூன்றாம் நாளே அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. "கொஞ்சம் இடது பக்கம் நகந்துக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். அவனே சொன்னான், "டேய், மரியாதையெல்லாம் கரையில வச்சிட்டு வாங்கடா." அதிலிருந்து ஆற்றுக்குள் வாடா போடா, கரையேறினால் வாங்க போங்க.

ஆனால் அது சாதாரண வருஷம் இல்லை. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் குடியிருக்கிற மனைக்குப் பட்டா வந்துவிட்டது. நில உச்சவரம்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் மிராசுதார் நிலம் காகிதத்தில்தான் மாமன் மச்சான் பேரில் எல்லாம் பிரிந்து கிடந்தது, வயலில் பழைய வரப்பு பழைய இடத்தில் இருந்தது. அந்தத் தையில் அறுப்புக் கூலித் தகராறு. சங்கம் கேட்ட கூலியைக் கொடுக்க மாட்டேன் என்று காரியக்காரர் லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார், கூடவே போலீஸ் வேன். உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், அப்போது ஊர்ச் சங்கத்தின் செயலாளர். வரப்பில் மறித்து நின்றவர்களில் அண்ணனையும் இன்னும் நாலு பேரையும் அள்ளிக்கொண்டு போய் ஐந்து நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.

அந்த அண்ணன் ஒரு நாள் ஆற்றுக்கரைக்கு வந்தார். ஆட்டம் முடிந்து நான் மணல் ஊற்றில் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

"கோல்ல யாருடா அது?"

தெரிந்துதான் கேட்கிறார்.

"அஞ்சு நாள் என்னைச் சிமிட்டித் தரையில படுக்க வச்ச ஆளோட மவன். ஊர்ல வேற கையி இல்லையா உனக்கு?"

"அவங்க அப்பா செஞ்சதுக்கு அவன் என்னண்ணே செய்வான்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். பந்து வரும்போது கையைக் கொஞ்சம் லேசா வச்சாப் போதும். பத்து பேரும் ஓடி ஓடிச் சாவீங்க. அவன் நின்ன இடத்துலேர்ந்தே வித்துட்டுப் போயிடுவான்."

"அப்படிப்பட்டவன் இல்லண்ணே."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சொன்னார். "சரி. டவுன் போட்டிக்குப் போறீங்கள்ல, அவனையே கூட்டிக்கிட்டுப் போ. ஆனா அவனால தோத்தா, அதோட நீ கேப்டன் இல்ல. நானே தெருவுல சொல்லுவேன். அப்புறம் உன் பின்னால ஒருத்தன் பந்தெடுத்துக்கிட்டு வர மாட்டான்."

அண்ணன் சொன்னால் செய்கிறவர். தெருவும் அவர் சொல்லைக் கேட்கிற தெரு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மண்வெட்டி, வீடு, பந்து. இதில் எனக்கென்று இருந்தது பந்து ஒன்றுதான். "சரிண்ணே" என்றேன்.

டவுன் போட்டி என்பது கடைத்தெருப் பாய்மார்கள் சேர்ந்து வருஷாவருஷம் வைகாசியில் நடத்துவது. துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய்தான் செயலாளர். எங்களை மாதிரி ஆற்று டீமை அதுவரை யாரும் சேர்த்ததில்லை. அந்த வருஷம் ஒரு டீம் வராமல் போனதால் எங்களுக்கு இடம் கிடைத்தது. "ஒரே கலர் சட்டை மட்டும் போட்டுக்கிட்டு வந்துடுங்க தம்பி, ஷூ இல்லாட்டி பரவாயில்ல" என்று பாய் சொல்லி அனுப்பினார். பனியன்களை வாளியில் போட்டுச் சொட்டு நீலத்தில் இரண்டு நாள் ஊறவைத்தோம். பத்துப் பனியனும் பத்து விதமான நீலமாக வந்தது. கோலி மட்டும் காலேஜ் சட்டையும் கேன்வாஸ் ஷூவும்.

போன அன்றைக்கு பஸ் தாமதம். அண்ணனும் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரும் முன்னாலேயே சைக்கிளில் வந்து கோட்டோரம் நின்றார்கள். நாங்கள் இறங்கி ஓடிப்போனபோது ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஸ்கூல் மைதானம். வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த களிமண், அதன்மேல் ஆயிரம் பிள்ளைகள் நடந்து நடந்து சிமிட்டி மாதிரி இறுகிப்போன தரை. அந்தத் தரையில் ஒரு பந்தைக்கூட உதைத்துப் பார்க்காமல் ஆட்டத்தில் இறங்கினோம்.

எதிராளி அந்த டவுன் டீம்தான். எல்லோரும் பூட்ஸ் போட்டவர்கள். முதல் பதினைந்து நிமிஷம், சும்மா சொல்லக் கூடாது, அவர்களை மூச்சு விட விடவில்லை. மணலில் ஓடிய கால்களுக்குக் கட்டாந்தரை பறக்கிற மாதிரி இருந்தது. "அடை!" என்று நான் கத்துவேன், எங்கள் ஆட்கள் வளைந்து பாய்வார்கள், அவர்கள் பேக் பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் கோட்டுக்கு வெளியே உதைப்பான். கூட்டத்தில் ஒருத்தன், "டேய், இவனுங்களுக்கு அடை வேணுமாம், யாராவது சட்னி கொண்டாங்கடா!" என்று கத்தினான். மைதானமே சிரித்தது. எங்கள் செண்டர் ஃபார்வர்டு அடித்த பந்து இரண்டு தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது இது. நெருக்கல் தாங்காமல் அவர்கள் பேக் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை வானத்தில் தூக்கி அடித்தான். பந்து பாதிக் கோட்டில் நின்ற என் தலைக்கு மேலே போனது. ஆற்றில் இந்த மாதிரிப் பந்து நூறு தடவை என் தலைக்கு மேலே போயிருக்கிறது. பின்னால் பொத்தென்று மணலில் உட்காரும். நான் திரும்பி நடந்துபோய் எடுத்து வருவேன். ஓட மாட்டேன். ஓடி எதற்கு, அது எங்கே போகப் போகிறது?

அன்றைக்கும் நடந்தேன்.

எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஐந்தாறு அடி நடந்தேன். பந்து தரையில் பட்டு ஆள் உயரம் குதித்து, இன்னொரு தடவை குதித்து, எங்கள் கோலைப் பார்த்து ஜோராக உருண்டு போய்க்கொண்டிருந்தது. அவர்கள் டீமில் வலது ஓரம் ஆடியவன் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த மெலிந்த ஆள், காலில் சக்கரம் கட்டினவன் மாதிரி என்னைத் தாண்டினான். ஆஃப்சைடும் இல்லை, அவன் கிளம்பியது அவன் பாதியிலிருந்து. எங்கள் கோலி ஆற்றில் பழகியபடி கம்பத்துக்கு நடுவில் கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தான். தனியாக வந்தவன் இடது மூலையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாவது கோலும் அதே மாதிரி. அப்போது ஓடினேன், ஆனால் காலுக்குப் புத்தி வரவில்லை. மூன்றாவதும் அப்படியே. ஒரு மடை அடைக்காமல் விட்டிருந்தோம், அது எங்கள் தலைக்கு மேலே இருந்தது.

இடைவேளை விசில் ஊதியபோது மூன்றுக்குப் பூஜ்யம். கோட்டோரம் போய் உட்கார்ந்தோம். பாய் ஒரு தட்டில் எலுமிச்சம்பழமும் கத்தியும் அனுப்பியிருந்தார். யாரும் அதைத் தொடவில்லை. அண்ணன் வந்து கோலிக்கு எதிரே நின்றார்.

"மூணு. எண்ணிப் பாத்துக்கிட்டேன். மூணுக்கும் அய்யா நின்ன இடத்தை விட்டு அசையல. காலு வலிக்குமோ?"

கோலி முகம் சிவந்துவிட்டது. எங்கள் செண்டர் ஃபார்வர்டும், "ஒண்ணாவது பிடிச்சிருக்கலாம்ல?" என்றான். கூட வந்திருந்த தெருக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கோலி குனிந்தான். ஷூ கயிற்றை அவிழ்த்தான். போகப் போகிறான் என்று தெரிந்துவிட்டது.

பிள்ளைகளா, அந்த நேரம் நான் சும்மா இருந்திருந்தால் போதும். எல்லாப் பழியும் அவன் தலையில் போயிருக்கும். அண்ணன் சொன்னதே சரி என்று தலையாட்டிவிட்டால் தெருவும் என்னை மன்னித்திருக்கும். ஒரு மூச்சு அப்படி யோசித்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தேன்.

"அண்ணே, இங்க பாருங்க" என்று அதைத் தரையில் உருட்டிவிட்டேன். பழம் குடுகுடுவென்று உருண்டு போய் லைன்மேன் காலடியில் நின்றது. அவர் குனிந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஆத்துல இது உருளுமா?" என்று கேட்டேன்.

"என்னடா வெளாடுற?"

"மூணு கோலும் என்னால விழுந்தது. பாதிக் கோட்டுல நில்லுங்கன்னு சொன்னவன் நான். தலைக்கு மேல போற பந்து மணல்ல நிக்கும், இங்க நிக்காது. அது எனக்குத் தோணல. முதப் பந்துக்கு நான் நடந்து போனேண்ணே, நீங்க பாக்கலையா? ஒருத்தன் தனியா வந்தா எந்தக் கோலியும் பிடிக்க முடியாது."

செண்டர் ஃபார்வர்டு, "அப்ப எல்லாரும் பின்னால இறங்கி நிப்போம். மூணோட போகட்டும்" என்றான். நாலைந்து பேர் அதுதான் சரி என்றார்கள். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"யாரும் இறங்க வேணாம். நீங்க இறங்குனா நடுவுல இடம் விழும், ஆறு கோல் வாங்குவோம். நீங்க இப்ப நிக்கிற இடத்துலயே நில்லுங்க. நான் முன்னால வர்றேன். பெனால்டி பெட்டிக்கு வெளியில வந்து நிக்கிறேன். தலைக்கு மேல வர்ற பந்து என்னோடது."

"கோலு காலியா கிடக்குமேடா?" என்றேன்.

"கிடக்கட்டும்."

"கேட்டீங்களா?" என்றார் அண்ணன் எல்லோரையும் பார்த்து. "கோலைத் தொறந்து போட்டுட்டு வெளிய வர்றானாம். அவன் வாயாலயே சொல்றான்."

ஆனாலும் கணக்கு சரியாக இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கோலுக்கும் நடுவில் கிடந்த அந்தப் பெரிய வெற்றிடத்துக்கு ஒரு ஆள் வேண்டும், சும்மா நின்ற ஆள் அவன் ஒருத்தன்தான். அவன் வேண்டுமென்றே விட்டால் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு மட்டும் கணக்கில் பதில் இல்லை. அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

"அண்ணே, நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க" என்றேன். அண்ணனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கோலியிடம், "கயித்தைக் கட்டுடா" என்றேன்.

இரண்டாவது பாதி. அவர்கள் முதல் வேலையாக அதே உயரப் பந்தை அடித்தார்கள். சைக்கிள் கடைக்காரன் பறந்தான். நான் திரும்பிப் பார்க்கிறேன், பெட்டிக்கு வெளியே பத்தடி தூரத்தில் எங்கள் கோலி பந்தைப் பார்த்து ஓடி வருகிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். டப்பென்று சத்தம். பந்து கோட்டுக்கு வெளியே போனது, இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். எழுந்தபோது எங்கள் ஆளின் கீழுதடு கிழிந்து ரத்தம் தாடைவரை வழிந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான். "ஏன்டா பின்னால வர்றே? மேல போடா!"

மேலே போனேன். பின்னால் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் காலுக்கே வேறு தைரியம் வந்துவிடுகிறது. "அடை!" என்றேன். அவர்கள் பேக் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கோலியிடமிருந்து பந்து வாங்கினான். செண்டர் ஃபார்வர்டு வளைந்து ஓடினான். லாபம், ரெண்டு, மூணு. மூன்றில் பந்து திறந்த மடை வழியாக நேரே எங்கள் நடு ஆட்டக்காரன் காலில் வந்து விழுந்தது. ஒரே அடி. மூன்றுக்கு ஒன்று.

இரண்டாவது கோல் வேடிக்கை. அவர்கள் கோலியே பயந்துபோய் பந்தை உதைக்க, அது எங்கள் செண்டர் ஃபார்வர்டு நெஞ்சில் பட்டு உள்ளே போனது. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கோல் விழுந்தது அவனுக்கே தெரியாது. "என்னடா, என்னடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு கண்டம். சைக்கிள் கடைக்காரன் புத்திசாலி. எங்கள் கோலி முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓடாமல் நின்று, அவன் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிட்டான். காலிக் கோலைப் பார்த்துப் பந்து உருள்கிறது. மைதானம் முழுக்க ஓ என்கிறது. நான் ஓடினேன். அந்த ஓட்டம் மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. கோட்டைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் காலை நீட்டி வெளியே தள்ளிவிட்டு நானே வலைக்குள் போய் விழுந்தேன். கோலி வந்து கையைக் கொடுத்துத் தூக்கினான்.

"அதான் பின்னால வந்தேன்" என்றேன்.

"அதுக்கு மட்டும் வா" என்றான்.

ஆட்டம் முடிகிற நேரம். மறுபடியும் உயரப் பந்து. கோலி ஓடி வந்து இந்தத் தடவை வெளியே தள்ளவில்லை. நெஞ்சில் வாங்கி, கீழே இறக்கி, அந்தக் கேன்வாஸ் ஷூவால் நேராக எங்கள் நடு ஆட்டக்காரனுக்கு அனுப்பினான். அவர்கள் ஆட்கள் எல்லாம் மேலே ஏறி வந்திருந்தார்கள். இரண்டே தட்டு, எங்கள் இடது ஓரத்தான் உள்ளே வைத்துவிட்டான். மூன்றுக்கு மூன்று. ரெஃப்ரி விசில் ஊதினார்.

பாய் மைக்கில் மறுநாள் சாயங்காலம் மறு ஆட்டம் என்று அறிவித்தார். பிறகு அவரே டிஞ்சரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து கோலியின் உதட்டைப் பார்த்தார். "என்ன தம்பி, கோலி வேலை பாக்கச் சொன்னா பேக் வேலையும் சேத்துப் பாக்குறீங்க" என்றார். அவன் சிரிக்கப் பார்த்து, உதடு இழுக்க, ஆ என்றான்.

அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் பதவி போயிற்றா இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டினோம்.

"பந்தை எப்ப தூக்கி அடிக்கப் போறாங்கன்னு நம்ம கோலிக்கு எப்படிடா தெரியும்? அவ்வளவு தூரத்துல நிக்கிறான்" என்றார் திடீரென்று.

"பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்ணே."

"சூரியன் அந்தப் பக்கம்டா. கண்ணு கூசும்." இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார். "நாளைக்கு நான் கோல் கம்பத்துக்குப் பின்னால நின்னுக்கிறேன். பந்து கிளம்புறப்பவே கத்துறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார் என்று பயம்.

மறு ஆட்டத்தில் அண்ணன் சொன்னபடி செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பின்னால் நின்றார். அவர்கள் பேக் காலை ஓங்குகிறபோதே, "வாடா! வெளிய வாடா! ஓடு ஓடு ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பந்து, இரண்டு பந்து இல்லை, ஆட்டம் முழுக்க. சங்கக் கூட்டத்தில்கூட அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கோலி ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலுக்கே ஓடி வந்தான். ஒன்றுக்குப் பூஜ்யத்தில் ஜெயித்தோம். அதற்கடுத்த ஆட்டத்தில் கும்பகோணத்துக்காரர்களிடம் நாலு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். அவர்கள் எங்கள் ஆள் வருவதற்கு முன்பே பந்தை ஒரே தொடலில் மாற்றிக்கொண்டார்கள். அடைக்க மடையே கிடைக்கவில்லை. அது வேறு கதை, அதில் எனக்குச் சொல்ல ஆசையும் இல்லை.

மறு ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் தாசில்தார் ஆபீசில் கூலிப் பேச்சு வார்த்தை. குறுவைக்கு முன்னால் முடிவு செய்தாக வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் மிராசுதார்களும் காரியக்காரர்களும், இந்தப் பக்கம் சங்கத்துக்காரர்கள். நான் காகிதக்கட்டு தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். தாசில்தார், "சரி, சங்கத்துத் தரப்பு சொல்லுங்க" என்றார். அண்ணன் எழுந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தார். கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஏதோ வந்தது. காகிதத்தை என் கையில் திணித்துப் படி என்று சைகை காட்டினார்.

காரியக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சு தொண்டைக்கு?" என்று கேட்டார். நையாண்டியா, நிஜமாகவே கேட்டாரா, தெரியாது.

அண்ணன் என் காதில் குசுகுசுத்தார். நான் தயங்கினேன். முழங்கையால் இடித்தார்.

"உங்க மகனைக் கேளுங்கன்னு சொல்றாருங்க" என்றேன்.

தாசில்தார் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். காரியக்காரர் முகத்தில் முதலில் கோபம் வந்தது. மகனுடைய கிழிந்த உதட்டை வீட்டில் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் அல்லவா. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, மேசைக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"நல்லா நின்னானா?"

"நிக்கலைங்க. முன்னால வந்தாருங்க" என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். காரியக்காரர், "சரி, படி" என்றார். நான் முதல் கோரிக்கையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.